வாசகர் கேள்வி – பதில்: டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரங்கள் சாய்வது ஏன்?

கேள்வி: சென்ற கோடையில் 26 அடி நீளமும் இரண்டு அச்சுகளும் கொண்ட பயண டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். கில்பேர் மாகாணப் பூங்காவில் எங்களுக்குக் கிடைத்த முகாம் இடம், குறுகலான பாதையிலிருந்து ஏறக்குறையச் செங்கோணமாக உள்ளே செல்வது. இரு பக்கமும் மரங்கள். நன்றாக ஒடித்து ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்தபோது, ஒரே பக்கத்திலுள்ள இரண்டு சக்கரங்களும் எதிரெதிராகச் சாய்வதைக் கண்ட என் மனைவி உடனே நிறுத்தச் சொன்னார். அடியிலிருந்து 'டமார்' என்று ஓர் ஓசையும் வந்தது. இப்படி எடுத்தால் சஸ்பென்ஷன் போய்விடும் என்று பக்கத்து இடத்தில் தங்கியிருந்தவர் எச்சரித்தார். அது உண்மையா? எப்படித் தவிர்ப்பது?
— வாசகர், பிராம்ப்டன், ஒன்டாரியோ

பதில்: உங்கள் மனைவி நிறுத்தச் சொன்னது சரிதான். ஆனால் அவர் கண்ட சாய்வை மட்டும் வைத்துச் சேதம் நேர்ந்துவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம். இரண்டு அச்சு டிரெய்லர் எதுவானாலும், கூர்மையாகத் திரும்பும்போது அதன் சக்கரங்கள் ஓரளவு அப்படித்தான் சாயும். காரின் முன்சக்கரங்களைப்போல டிரெய்லரின் சக்கரங்கள் திரும்புவதில்லை. இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ 85 செ.மீ. இடைவெளியில் சேசிஸின் அடியில் பொருத்தப்பட்டவை. வண்டி வளையும்போது அந்த வளைவின் மையம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே செல்லும் கோட்டில் அமைந்துவிடுகிறது. ஆகவே எந்தச் சக்கரமும் தான் நோக்கியிருக்கும் திசையில் முழுமையாக உருள முடியாமல், முன் அச்சின் டயர்கள் ஒரு பக்கமாகவும் பின் அச்சின் டயர்கள் எதிர்ப்பக்கமாகவும் தரையில் தேய்ந்து இழுபடுகின்றன. அச்சு திரும்பாத தேரைத் தெருமுனையில் திருப்புவதற்காகச் சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடும் மசகும் இட்டு வழுக்க விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பூங்காவின் பாதையில் நமக்குத் தகடு போடுவதற்குத்தான் ஆள் கிடையாது.

அந்தப் பக்கவாட்டு இழுப்பு டயரோடு நிற்பதில்லை. டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுத்தபின், விசை அச்சுக்கும், அச்சிலிருந்து பட்டை ஸ்பிரிங்குக்கும், அங்கிருந்து ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருக்கும் இணைப்புத் தகடுகளான ஷேக்கிள்களுக்கும், இறுதியாகச் சேசிஸில் வெல்டு செய்யப்பட்ட ஹேங்கர்களுக்கும் செல்கிறது. பட்டை ஸ்பிரிங் மேலும் கீழும் அசைவதற்காக வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் அதற்குத் தாங்குதிறன் குறைவு. ஹேங்கரோ மெல்லிய தகட்டை மடித்துச் செய்யப்பட்டு, ஒரு சாண் அளவுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருப்பது. ஆகவே ஒருமுறை ஒடித்ததால் எதுவும் முறிந்து விழுந்துவிடாது; ஆனால் ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் ஷேக்கிள் துளைகள் சிறிது அகலமாகின்றன, போல்ட்டைச் சுற்றியுள்ள உறைகளான புஷ்கள் தேய்கின்றன, வெல்டின் ஓரம் களைப்படைகிறது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய குழியில் சக்கரம் இறங்கும் நாளில்தான் அது வெளியே தெரியும். பழியும் அந்தக் குழியின் மேல் விழுந்துவிடும்.

எவ்வளவு ஒடித்தால் எவ்வளவு இழுபடும் என்பதை வடிவியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். இழுத்துச் செல்லும் பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணத்தை ஒடிப்புக் கோணம் என்போம். உங்கள் வண்டியில், இரண்டையும் இணைக்கும் ஹிட்ச்சிலிருந்து அச்சுகளின் நடுப்புள்ளி வரை சுமார் 5 மீட்டர் இருக்கும். பிக்கப் நேராகப் பின்னோக்கி வருவதாக வைத்துக்கொண்டால், ஒடிப்பு 30 பாகையாக இருக்கும்போது டிரெய்லர் சுமார் 8.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். சக்கரம் நோக்கும் திசைக்கும் அது நகரும் திசைக்கும் உள்ள வேறுபாடு 3 பாகைக்கும் குறைவு. 45 பாகையில் ஆரம் 5 மீட்டராகச் சுருங்கி, வேறுபாடு 5 பாகையை எட்டும். 60 பாகையில் 8 பாகையைத் தாண்டும். 75 பாகையில் ஆரம் 1.3 மீட்டர்தான், வேறுபாடு ஏறக்குறைய 18 பாகை. 90 பாகையில் டிரெய்லர் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு பக்க டயர்கள் முன்னோக்கியும் மறுபக்க டயர்கள் பின்னோக்கியும் உருண்டபடியே பக்கவாட்டில் இழுபடும். இவை வண்டியின் நடுக்கோட்டுக்கான கணக்குகள். உட்பக்கச் சக்கரங்களின் நிலை இன்னும் மோசம். முதல் 45 பாகைக்கு நீங்கள் கொடுக்கும் விலை சொற்பமானது, கடைசி 30 பாகைக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதை இதிலிருந்தே காணலாம். மெதுவாக எடுத்தால் எதுவும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். மரத்தில் இடிக்காமல் இருக்க மெதுவான வேகம் உதவும். டயர் பக்கவாட்டில் இழுபடுவதை அது குறைக்காது, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது கோணம் மட்டுமே.

தரையும் இதில் பங்கு கொள்கிறது. பக்கவாட்டு விசை ஓர் எல்லை வரை வளர்ந்து, பிறகு டயர் வழுக்கத் தொடங்கும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த எல்லை, டயரின் மேலுள்ள எடையில் பாதிக்கும் மேல். புல்லிலும் தளர்ந்த சரளையிலும் மிகவும் குறைவு. ஆகவே ஒடித்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், அதைத் தாரில் செய்வதைவிடச் சரளையில் செய்வது நல்லது. ஆனால் டயர் பக்கவாட்டில் வழுக்குவதையே ஏதேனும் ஒன்று தடுத்துவிட்டால், மரவேரோ பாறை விளிம்போ டயரே பறித்துக்கொண்ட பள்ளமோ எதுவானாலும் சரி, அந்த எல்லை இல்லாமல் போய்விடும். பிக்கப்பின் முழு இழுவையும் ஹேங்கரின் மேல் நெம்புகோல் போட்டதுபோல் விழும். கில்பேர் அமைந்திருக்கும் ஜார்ஜியன் விரிகுடாக் கரையில் தரையிலிருந்து பாறை எட்டிப் பார்க்காத இடம் குறைவு. எனவே வெளியே நிற்பவர் மரக்கிளைகளையும் பின்மூலையையும் மட்டும் பார்க்காமல், சக்கரங்களின் பக்கவாட்டில் என்ன கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி எடுக்கும் முறை. இடத்தைக் கடந்து செல்வதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள். இடம் ஓட்டுநரின் பக்கம், அதாவது இடப்பக்கம், வருமாறு அணுக முடிந்தால் அப்படியே அணுகுங்கள். ஒருவழிப் பாதையாக இருந்தால் இந்தத் தெரிவு உங்களுக்குக் கிடைக்காது. இடத்தின் வாயிலை ஒட்டி முன்சென்று, டிரெய்லரின் சக்கரங்கள் வாயிலைக் கடக்கும் நேரத்தில் பிக்கப்பைப் பாதையின் எதிர்ப்பக்கத்துக்கு வளைத்து நிறுத்தினால், ரிவர்ஸ் தொடங்கும் முன்பே டிரெய்லரின் பின்புறம் இடத்தை நோக்கி ஓரளவு சாய்ந்து நிற்கும். செங்கோணத் திருப்பத்தில் கால்வாசியோ அதற்கு மேலோ முன்னோக்கிச் செல்லும்போதே முடிந்துவிடும். முன்னோக்கி இழுக்கும்போது கோணம் கட்டுக்குள் இருப்பதால் அது வண்டிக்கு வலிக்காத திருப்பம். பிறகு ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒடிப்பு 45 பாகையை நெருங்கும்போது, உள்ளே நுழைந்துவிடலாம் என்று தோன்றினாலும் நிறுத்திவிட்டு, முன்னே இழுத்து நேராக்கி, மறுபடி பின்னெடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் போவதில் எந்த இழிவும் இல்லை. பூங்காவில் மடக்கு நாற்காலியோடு வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரே வீச்சில் உள்ளே விட்டால்தான் கைதட்டுவார்கள். ஷேக்கிளுக்கான செலவை அவர்கள் ஏற்பதில்லை.

உள்ளே வந்து நின்றபின் இன்னொரு வேலை இருக்கிறது. திருப்பத்தின் முடிவில் நிற்கும் டிரெய்லரின் டயர்களும் ஸ்பிரிங்குகளும் முறுக்கேறிய நிலையிலேயே இருக்கும். அப்படியே சக்கரக்கட்டை வைத்துக் கழற்றிவிட்டால், அந்த முறுக்கோடு வண்டி வாரக்கணக்கில் நிற்கும். சில நேரம் ஹிட்ச்சை விடுவித்தவுடன் டிரெய்லரின் மூக்கு பக்கவாட்டில் துள்ளவும் செய்யும். ஒன்றிரண்டு மீட்டர் நேராக முன்சென்று, நேராகவே பின்வந்து நின்றால் முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும்.

நீங்கள் கேட்ட ஓசை சஸ்பென்ஷனிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. முறுக்கேறிய டயர் தரையிலிருந்து விடுபடும்போதும், டிரெய்லர் மூக்கின் எடையைப் பரப்பிக் கொடுக்கும் எடைபகிர் ஹிட்ச்சின் கம்பிகள் தங்கள் பிடியில் நழுவும்போதும் அதே ஓசை எழும். ஹிட்ச்சின் ஒரு பக்கத்தில் உராய்வு வகை ஆட்டத்தடுப்புக் கம்பி பூட்டியிருந்தால், கூர்மையாக ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் அந்தக் கம்பியோ அதன் பந்துமுனையோ வளைந்துவிடும். இதை அதன் தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரித்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வாகனப் பாதைக்கும் தெருவுக்கும் இடையே ஒரு விளிம்புக்கல் இருக்கிறது, பாதையின் அகலம் போதாததால் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரங்கள் ஒவ்வொரு முறையும் அதன் மேல் ஏறித்தான் வரவேண்டும். எங்களுடையது பட்டை ஸ்பிரிங் இல்லாத, ரப்பர் முறுக்கு அச்சு வகை. அதனால் கவலையில்லை என்று விற்றவர் சொன்னார்.
— வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: விற்றவர் சொன்னதில் பாதிதான் சரி. ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களில் 1960களிலிருந்து காணப்படும் இவ்வகை அச்சில், சதுரக் குழாய்க்குள் அழுத்தப்பட்ட ரப்பர்தான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஷேக்கிள், புஷ் எதுவும் இல்லாததால் அவை தேயும் தொல்லையும் இல்லை. ஆனால் பட்டை ஸ்பிரிங் வண்டியில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஈக்வலைசர் என்ற ஊஞ்சல் துண்டு இருக்கிறது. ஒரு சக்கரம் மேடேறினால் அது சாய்ந்து, எடையை மற்றச் சக்கரத்தோடு பகிர்ந்துகொள்ளும். முறுக்கு அச்சில் அந்தப் பகிர்வு இல்லை. 15 செ.மீ. உயரக் கல்லின் மேல் ஒரு சக்கரம் ஏறி நிற்கும்போது, அதே பக்கத்தின் மற்றச் சக்கரம் ஏறக்குறைய அந்தரத்தில் தொங்கக்கூடும். இரண்டு சக்கரங்கள் சுமக்க வேண்டியதை ஒன்றே சுமக்கும். மேலும் இந்த அச்சின் கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன்னோக்கிச் செல்கையில் மேட்டில் மோதும் சக்கரம் பின்னும் மேலுமாக விலகிக் கொடுக்கும். ரிவர்ஸில் மோதும்போது அந்த விலகல் அவ்வளவு எளிதாகக் கிடைக்காததால் அடி நேராகக் கைக்குப் போகும்.

விளிம்புக்கல்லை ஒட்டி ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பலகைகளைப் படிபோல் அடுக்குங்கள். சக்கரம் ஒரே ஏற்றமாக 15 செ.மீ. ஏறுவதற்குப் பதில் நான்கு சிறிய படிகளாக ஏறும். பலகைகள் டயரைவிட நன்கு அகலமாகவும், வழுக்கி விலகாதபடி ஒன்றோடொன்று திருகப்பட்டும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது வரிசைமுறை. ஒடிக்க வேண்டிய ஒடிப்பையெல்லாம் தெருவிலேயே முடித்து, டிரெய்லரை நேராக்கிய பின்பே கல்லைத் தொட வேண்டும். கல்லின் மேல் சக்கரம் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால், முதல் பதிலில் சொன்ன பக்கவாட்டுத் தடையைக் கல்லே செய்துவிடும். டயரின் பக்கச்சுவர் விளிம்பில் நசுங்கும். கல்லைக் குறுக்கே சாய்வாகக் கடப்பதும் இதே காரணத்தால் கூடாது.

வாகனப் பாதை மேலேறும் சரிவாக இருந்தால், டிரெய்லர் சரிவிலும் பிக்கப் தெருவிலும் நிற்கும் அந்தக் கணத்தில் எடைபகிர் கம்பிகளின் மேல் மிகையான சுமை ஏறும். தெருவிலேயே அவற்றைத் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: பழைய டிரெய்லரை வாங்கும்போதோ, ஒடித்து ரிவர்ஸ் எடுத்த பிறகோ அடியில் எதைப் பார்க்க வேண்டும்? அச்சின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதுபோல் தெரிகிறது. அதை மாற்ற வேண்டுமா?
— வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ

பதில்: வளைவைக் கண்டு அஞ்ச வேண்டாம். சுமை ஏறியதும் சக்கரங்கள் நிமிர்ந்து நிற்பதற்காக, பட்டை ஸ்பிரிங் டிரெய்லர்களின் அச்சைத் தொழிற்சாலையிலேயே நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். ஒரு டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் விரைவாகத் தேய்ந்தால்தான் அச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஹேங்கர்கள் சேசிஸோடு சேரும் வெல்டைப் பாருங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, பூச்சு முடிபோல் வெடித்து அதன் வழியே துரு கசிந்திருக்கும். அடுத்து ஷேக்கிள் துளைகள். வட்டமாக இருக்க வேண்டியவை முட்டை வடிவமாகிவிட்டால் ஷேக்கிளை மாற்றியே ஆகவேண்டும். விலை குறைந்த டிரெய்லர்களில் போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ்கள்தான் இருக்கும். அவை தேய்ந்து முடிந்தபின் இரும்பை இரும்பே அறுக்கத் தொடங்கும். ஈக்வலைசர் ஒரு பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கிறதா, முன்பின் டயர்களுக்கிடையே போதிய இடைவெளி இருக்கிறதா, சக்கரக் கூண்டின் உட்புறத்தில் டயர் உரசிய கருந்தடம் உண்டா என்பதையும் பாருங்கள். பக்கவாட்டில் நன்கு சாய்ந்த டயர் கூண்டைத் தொட்டிருந்தால் அந்தத் தடம் பொய் சொல்லாது.

பிறகு ஓர் அளவுநாடாவை எடுத்து, ஹிட்ச் பந்து அமரும் கப்ளரின் மையத்திலிருந்து முன் அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 3 மி.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் இதைவிட நெருக்கமாக ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் ஏதோ ஒரு ஹேங்கர் நகர்ந்திருக்கிறது, அல்லது பட்டையையும் அச்சையும் பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்து அச்சு இடம்பெயர்ந்திருக்கிறது என்று பொருள்.

மாற்ற நேர்ந்தால் கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ட், வெண்கல புஷ், அரை அங்குலத் தடிமனுள்ள ஷேக்கிள் ஆகியவற்றையே போடுங்கள். இந்தச் செலவு வீணாகாது என்பது என் கருத்து. இரு பக்க ஹேங்கர்களையும் குறுக்கே இணைக்கும் எஃகுச் சட்டமும் கிடைக்கிறது. அடிக்கடி நெருக்கமான இடங்களில் ரிவர்ஸ் எடுப்பவர்களுக்கு அதுவே முதல் தேவை, ஏனெனில் தடித்த ஷேக்கிளால் ஹேங்கர் வளைவதைத் தடுக்க முடியாது. ஷேக்கிள் போல்ட்டின் கழுத்தில் துளையைக் கவ்விப் பிடிக்கும் பல் வரிகள் இருக்கும். போல்ட்டின் தலையைத் திருகினால் அந்தப் பற்கள் துளையைச் சிதைத்துவிடும் என்பதால், நட்டை மட்டுமே திருக வேண்டும். பணிமனைக்காரரே தலையில் ஸ்பானரை மாட்டினால் தயங்காமல் தடுங்கள். டிரெய்லரைத் தூக்கும்போது ஜாக்கியை அச்சுக் குழாயின் அடியில் வைக்கக்கூடாது; சேசிஸின் அடியில்தான் வைக்க வேண்டும். கிரீஸ் ஏற்றும்போதும் எடையைச் சிறிது தூக்கிக்கொடுத்தால்தான் கிரீஸ் புஷ்ஷின் எல்லாப் பக்கமும் புகும்.

காற்றையும் பாருங்கள். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் 'எஸ்டி' வகை டயர்களுக்கான அழுத்தம், டிரெய்லரின் இடப்பக்கச் சுவரில் முன்புறமாக ஒட்டியுள்ள சான்றுத்தாளில் இருக்கும். அழுத்தம் குறைந்த டயர் கூர்மையான திருப்பத்தில் ரிம்மை விட்டே கழன்றுவிடக்கூடும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? ஒற்றை அச்சு டிரெய்லர் வாங்கிவிட்டால் தீர்ந்துவிடாதா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பக்கவாட்டு இழுபறியைப் பொறுத்தவரை பெருமளவு தீர்ந்துவிடும், ஒரே அச்சு என்பதால் திருப்பத்தின் மையம் அந்த அச்சின் கோட்டிலேயே அமைந்து, சக்கரங்கள் தாம் நோக்கும் திசையிலேயே உருளும். 90 பாகை ஒடித்தாலும் ஒரு பக்கச் சக்கரம் முன்னோக்கியும் மறுபக்கச் சக்கரம் பின்னோக்கியும் சுழலுமே தவிர இழுபடாது. அப்போது கவலைப்பட வேண்டியது டிரெய்லரின் முன்மூலை பிக்கப்பில் இடிப்பதைப் பற்றித்தான். ஆனால் சுமக்கும் எடை குறைவு. ஓடும்போது ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கத்தைத் தாங்க இன்னொரு டயர் இருக்காது. இருவர் மட்டும் பயணம் செய்வதாகவும், 20 அடிக்கு உட்பட்ட வண்டி போதும் என்பதாகவும் இருந்தால் ஒற்றை அச்சையே வாங்குங்கள். குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து செல்லும் குடும்பத்துக்கு இரண்டு அச்சு வண்டியை வாங்கி, முன்னும் பின்னும் இழுத்து நேராக்கப் பழகிக்கொள்ளுங்கள்.